3 விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றார்கள்... வந்தது 151! வேலூர் ஐடா ஸ்கடர் வாழ்க்கை சொல்லும் மருத்துவக் கல்லூரி ரேங்கிங் கதை

நீட் பிஜி ரிசல்ட் வந்துவிட்டால் டாக்டர்களின் வீடுகளில் அடுத்த டென்ஷன் ஆரம்பமாகிவிடும். அதுதான் சாய்ஸ் ஃபில்லிங். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை இரண்டாவது போடுவது என்று ராத்திரி முழுக்க யோசனை ஓடும். தென்காசி மாவட்டம் திருவேங்கடத்தில் இருந்து எம்பிபிஎஸ் முடித்த ஒரு பெண்ணுக்கும் இதே கதைதான். சொந்த மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. பக்கத்தில் இருப்பது நெல்லை, ஊர்க்காரர்கள் ஹைகிரவுண்ட் என்று சொல்லும் ஆஸ்பத்திரி. பட்டியலில் மேலே இருப்பதோ டெல்லி, சண்டிகர், வேலூர்.

அந்தப் பட்டியலை யார் போட்டது? எதை வைத்துப் போட்டார்கள்? பெயர் பெற்ற கல்லூரி என்றால் பயிற்சியும் நன்றாகத்தான் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தன் வாழ்க்கையில் முட்டி மோதியவர் ஒருவர் இருக்கிறார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை, அதாவது நாம் எல்லோரும் சொல்லும் சிஎம்சியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்தான் அவர். பெயரே இல்லாத ஒரு கல்லூரியை அவர் எப்படி நிறுத்திக் காட்டினார்? அதே கல்லூரி ஏன் ஒரு கட்டத்தில் மூடப்படும் நிலைக்குப் போனது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஐடா ஸ்கடர்?

1870 டிசம்பர் 9ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அப்பா ஜான் ஸ்கடர் ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர். தாத்தாவும் அதே பெயர், அதே வேலை. தாத்தா முதலில் போய் இறங்கியது யாழ்ப்பாணம் பக்கம், பிறகுதான் சென்னை மாகாணத்துக்கு வந்தார். ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு வந்த ஒரே தங்கை ஐடா.

அவர் குழந்தையாக இருந்தபோதுதான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்தது ஐடாவுக்கு நெஞ்சில் பதிந்துபோன நினைவு. கொஞ்ச நாளில் குடும்பம் அமெரிக்கா போனது. அங்கே பள்ளிப் படிப்பு. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம், இந்தியாவும் வேண்டாம், அமெரிக்காவிலேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக இருந்துவிடலாம் என்பதுதான் அந்தப் பெண்ணின் திட்டம்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று திண்டிவனம் வந்தார் ஐடா. அங்கே நடந்த ஒரு சம்பவம் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்பா டாக்டர், அவர் வருகிறார் என்று ஐடா சொல்ல, மூவருமே மறுத்துவிட்டார்கள். ஆண் டாக்டர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது, நீங்கள் வந்தால் போதும் என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் டாக்டர் படிப்பு. பெண் நோயாளிக்குப் பெண் டாக்டர் இல்லாத ஊரில், ஆண் டாக்டர் எவ்வளவு பெரிய பெயர் பெற்றவராக இருந்தாலும் பயனில்லை என்பதை ஐடா அந்த இரவில் நேரில் பார்த்தார்.

அப்போது அமெரிக்காவிலும் பெண்களுக்கு எல்லா மருத்துவக் கல்லூரிகளும் திறந்திருக்கவில்லை. ஐடா 1895ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898ல் நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் கொடுத்தது. கடைசிக் கட்டத்துக்கு அங்கே மாறி, 1899ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஒரே ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி

ஊர் திரும்புவதற்கு முன் மருத்துவமனை கட்ட நிதி தேடினார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார் ஐடா.

அப்பாவிடம் கூட இருந்து வேலை பழகலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். பங்களாவின் ஒரு சின்ன அறையில் ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா டாக்டர் மீது இருந்த நம்பிக்கை, புதிதாக வந்த பெண் டாக்டர் மீது இல்லை. படிப்படியாகத்தான் கூட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்துவிட்டார் என்கின்றன பதிவுகள். 1902ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வேலூரைச் சுற்றிய கிராமங்களுக்கு வாரம் ஒருமுறை போவார். குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அங்கேயே புண்ணுக்கு மருந்து போட்டு, கண்ணுக்குச் சொட்டு விட்டுப் போவது வழக்கம். முதலில் மாட்டு வண்டி, 1909ல் இருந்து ஒரு பெஜோ கார். இன்றைக்கு நடமாடும் மருத்துவமனை என்கிறோமே, அதன் ஆரம்ப காலம் அது.

ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிட்டது. தான் ஒருத்தி எத்தனை கிராமம் சுற்றினாலும் போதாது. திண்டிவனம் மாதிரி ஆயிரம் ஊர்கள் இருக்கின்றன. உள்ளூர்ப் பெண்களையே டாக்டர் ஆக்கினால்தான் வழி. 1909ல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கியவர், அடுத்து மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கேட்டார்.

அனுபவசாலிகளின் கணிப்பு பொய்யான கதை

சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராக, அதாவது சர்ஜன் ஜெனரலாக இருந்தவர் கர்னல் பிரைசன். பெண்கள் மட்டும் படிக்கும் மருத்துவப் பள்ளி, அதுவும் வேலூரில் என்றதும் அவருக்குச் சந்தேகம். மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்று நினைத்தார். ஆறு பேராவது சேர்ந்தால் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

வந்தது 151 விண்ணப்பங்கள்.

1918 ஆகஸ்ட் 12ம் தேதி சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பள்ளியைத் திறந்து வைத்தார். அப்போது தந்த படிப்பு எம்பிபிஎஸ் இல்லை. எல்எம்பி என்ற மருத்துவ டிப்ளமோ. பட்டப் படிப்பைவிட ஒரு படி கீழே வைத்துப் பார்க்கப்பட்டது. புத்தகமும் குறைவு, கருவியும் குறைவு. பாடம் எடுத்தவர்களில் முக்கியமானவர் ஐடாவேதான். காலையில் ஆபரேஷன், பகலில் வகுப்பு, நடுவில் கிராமம்.

அடுத்து வந்தது முதல் பரீட்சை. மாகாணத்தில் இருந்த ஆண்கள் மருத்துவப் பள்ளி மாணவர்களோடு ஒரே பொதுத் தேர்வு. ஆண்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், அதனால் உங்கள் பெண்கள் யாருமே பாஸ் ஆகாவிட்டாலும் மனசு விட்டுவிட வேண்டாம் என்ற அளவுக்கு பிரைசன் முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிட்டார் என்று ஐடாவின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது.

ரிசல்ட் என்ன தெரியுமா? தேர்வு எழுதிய 14 பெண்களும் பாஸ். 1922ல் முதல் அணி டாக்டர்களாகவே வெளியே வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பிரைசன் கெட்டவர் இல்லை. அனுமதி கொடுத்தவரே அவர்தான். ஆனால் அந்தப் பள்ளியைப் பற்றி அவரிடம் இருந்தது தகவல் இல்லை, ஒரு அபிப்பிராயம் மட்டுமே. பெரிய பதவியில் இருப்பவர், அனுபவசாலி, துறை தெரிந்தவர். அப்படிப்பட்ட பத்துப் பேரிடம் 1918ல் கருத்துக்கணிப்பு நடத்தி மருத்துவப் பள்ளிகளுக்கு ரேங்க் போட்டிருந்தால் வேலூருக்கு எந்த இடம் கிடைத்திருக்கும்? கடைசி இடம்தான். வேலூரைக் காப்பாற்றியது எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் வைத்த அந்தத் தேர்வு.

அமெரிக்காவைப் புரட்டிப் போட்ட ஒரு அறிக்கை

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் தெரிந்துகொண்டால்தான் அடுத்த பகுதி புரியும்.

1910ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். இவர் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று பெயர் போட்டு எழுதினார். லேப் இல்லாமல், நோயாளியே இல்லாமல், ஃபீஸ் வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த கல்லூரிகள் அப்போது நிறைய இருந்தன. அவற்றை மூட வைத்ததில் இந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அது நல்லதுதான்.

ஆனால் அவர் அளவுகோலாக வைத்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பணக்காரப் பல்கலைக்கழகத்தை. அந்த உயரத்துக்கு வர முடியாத கல்லூரிகளுக்கு நன்கொடையும் வரவில்லை. கறுப்பினத்தவருக்காக அப்போது இருந்த 7 மருத்துவக் கல்லூரிகளில் 5 காணாமல் போயின. ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டு மட்டுமே தப்பின. கறுப்பின டாக்டர்கள் எண்ணிக்கையில் அது போட்ட ஓட்டை பற்றி அமெரிக்காவில் இன்றும் பேசுகிறார்கள். பெண்களுக்கான கல்லூரிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் மிஞ்சியது ஐடா முதலில் சேர்ந்த அந்தப் பிலடெல்பியா கல்லூரி ஒன்றுதான்.

தரம் பார்ப்பது அவசியம். அதே சமயம் அளவுகோலை யார் வீட்டு உயரத்துக்கு வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, யார் வெளியே போவார்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது. அந்தக் கத்தி வேலூருக்கும் வந்தது.

1937: மூடப்படும் நிலைக்கு வந்த வேலூர்

1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு ஒரு முடிவு எடுத்தது. இனி எல்எம்பி டிப்ளமோ வேண்டாம். டாக்டர் என்றால் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் பட்டம் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு மருத்துவப் பள்ளியும் தன்னை உயர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டும்.

என்னென்ன கேட்டார்கள்?

* உயர் பட்டம் பெற்ற கூடுதல் பேராசிரியர்கள்
* புதிய ஆய்வகங்கள்
* இன்னும் பல படுக்கைகள் கொண்ட மருத்துவமனை
* இதற்கெல்லாம் சேர்த்து மிகப் பெரிய தொகை

20 வருஷமாக நல்ல பாஸ் சதவீதம், மாகாணம் முழுக்க வேலை பார்க்கும் பழைய மாணவிகள், கிராமத்துப் பெண்களின் நம்பிக்கை... இது எதுவும் கணக்கில் வரவில்லை. புதிதாக எல்எம்பிக்கு மாணவிகளைச் சேர்க்க முடியாத நிலை வந்தது. உள்ளே இருக்கும் அணிகள் முடிந்து போய்விட்டால் கல்லூரி தானாகக் காலியாகிவிடும்.

அரசு செய்தது அநியாயமா? அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஒரே நாட்டில் இரண்டு வகை டாக்டர்கள், ஏழைக்கு டிப்ளமோ டாக்டர், பணக்காரருக்கு டிகிரி டாக்டர் என்று இருப்பது சரியில்லை என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. 1946ல் வந்த போர் கமிட்டியும் நாடு முழுக்க ஒரே அடிப்படை மருத்துவப் பட்டம் போதும் என்றுதான் பரிந்துரைத்தது. இன்னொரு பக்கம், கிராமங்களில் வேலை பார்த்த டாக்டர்களில் பெரும்பகுதி இந்த டிப்ளமோ டாக்டர்கள்தான் என்பதும் உண்மை. குறிப்பாகப் பெண்களுக்கு அது கைக்கு எட்டிய ஒரு கதவு.

ஆனால் 1918ன் கணிப்புக்கும் 1937ன் உத்தரவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. பிரைசனின் அபிப்பிராயத்துக்கு எதிராக ஐடா எதுவும் செய்திருக்க முடியாது, ரிசல்ட் வரும்வரை காத்திருக்கத்தான் முடிந்தது. 1937ல் என்ன வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. கஷ்டம்தான், ஆனால் செய்து முடித்தால் யாரும் மறுக்க முடியாது.

70 வயதில் மறுபடியும் நிதி திரட்ட...

1941ல், 70 வயதைத் தாண்டிய ஐடா, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கா கிளம்பினார். ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். சில வருஷங்கள் அங்கேயே இருக்க வேண்டி வந்தது. வேலூரிலும் அவருடைய சகாக்கள் விடாமல் வேலை பார்த்தார்கள். 1942ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் எம்பிபிஎஸ் தொடங்க அனுமதி கிடைத்தது.

இதற்கு ஐடா ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்களுக்காக மட்டும் என்று தொடங்கிய கல்லூரி அது. இவ்வளவு பெரிய செலவைத் தாங்க வேண்டுமானால் பல சபைகள் கைகோக்க வேண்டும், ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிலை. வருஷக்கணக்காக அவருக்கு நிதி திரட்டிக் கொடுத்த நெருங்கிய தோழி லூசி பீபாடியே இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று வாங்கிய காசு என்பது அவர் தரப்பு. அதிலும் நியாயம் இருந்தது. ஐடா நெடுநாள் தயங்கி, கடைசியில் கல்லூரி பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1947ல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொடங்கினார். 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தலைமையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை வந்தது. மேற்படிப்புக்கு நாடு முழுவதிலும் இருந்து டாக்டர்கள் வேலூருக்கு வரத் தொடங்கினார்கள்.

இன்று 3ம் இடம்: பெயர் எப்படி மார்க் ஆகிறது?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் மருத்துவத்துக்கென்று தனிப் பட்டியல் 2018ல் தொடங்கியது. அன்று முதல் 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் டெல்லி எய்ம்ஸ் முதலிடம், சண்டிகர் பிஜிஐ இரண்டாமிடம், வேலூர் சிஎம்சி மூன்றாமிடம். ஒருமுறைகூட மாறவில்லை.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

* ஆசிரியர்கள், வசதிகள், கற்பித்தல்: 30 சதவீதம்
* ஆராய்ச்சி: 30 சதவீதம்
* படித்து முடிப்பவர்களின் நிலை: 20 சதவீதம்
* பெண்கள், பின்தங்கியவர்கள், வெளி மாநிலத்தவர் எனப் பலதரப்பினருக்கும் இடம்: 10 சதவீதம்
* பெயர், அதாவது மற்றவர்கள் இந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்: 10 சதவீதம்

கடைசி 10 சதவீதம் கருத்துக்கணிப்பில் வருவது. பேராசிரியர்கள், வேலை கொடுப்பவர்கள் போன்றோரிடம் கேட்டு எடுப்பது. டெல்லியில் இருக்கும் ஒரு பேராசிரியருக்கு நெல்லை மருத்துவக் கல்லூரியின் எலும்பு முறிவுத் துறையில் ஒரு பிஜி மாணவர் வாரத்துக்கு எத்தனை ஆபரேஷன் செய்கிறார் என்று எப்படித் தெரியும்? தெரிந்த பெயரைத்தான் சொல்லுவார். தெரிந்த பெயர் ரேங்கில் மேலே வரும். ரேங்கில் மேலே வந்தது அடுத்த வருஷம் இன்னும் தெரிந்த பெயராகும். நல்ல மாணவர்கள் அங்கே போவார்கள், நிதியும் அங்கே போகும். இப்படியே சக்கரம் சுற்றும்.

ஆராய்ச்சி மார்க்கிலும் சிக்கல் உண்டு. ஓபி வாசலில் விடிகாலையில் இருந்தே வரிசை நிற்கும் அரசு ஆஸ்பத்திரியில், டாக்டருக்குக் கட்டுரை எழுத நேரம் எங்கே? நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கை தேறிய டாக்டர்கள் அங்கே உருவாகலாம். கட்டுரை எண்ணிக்கை குறைவாக இருந்தால் பட்டியலில் கீழேதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த ரேங்க் கல்லூரி முழுவதுக்கும் சேர்த்துப் போடுவது, துறை துறையாக அல்ல. ஒரே கல்லூரியில் மகப்பேறு துறை பிரமாதமாகவும், இன்னொரு துறை சுமாராகவும் இருக்கலாம். பிஜி மாணவர் மூன்று வருஷம் வாழப்போவது துறைக்குள்தான்.

கல்லூரிகள் தாங்களே கொடுக்கும் தகவல்களைச் சரிவர சோதிக்காமல் ரேங்க் போடுகிறார்கள் என்று நீதிமன்றம் வரை புகார் போனதும் உண்டு. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்தப் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகு செப்டம்பரில் பட்டியல் வெளியானது.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான்

அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சியை ரெசிடென்சி என்பார்கள். 2014ல் டாக்சிமிட்டி என்ற டாக்டர்களுக்கான இணையதளம், டாக்டர்களிடமே கேட்டு ரெசிடென்சி பயிற்சிகளுக்கு ரேங்க் போட்டது. அவசர சிகிச்சைத் துறையின் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து உடனே எதிர்ப்புத் தெரிவித்தன. தான் வேலையே பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு டாக்டர் சொல்லும் கருத்து எப்படி அளவுகோல் ஆகும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியே ஒரு பிரபல பத்திரிகையின் ரேங்கிங்கில் இருந்து விலகுவதாக அறிவித்தது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா போன்றவை பின்தொடர்ந்தன. பட்டியலில் உச்சியில் இருந்தவர்களே வெளியேறியதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அப்போ ரேங்க் பார்க்கவே கூடாதா?

பார்க்கலாம். வெளியூரில் இருந்து வரும், குடும்பத்தில் முதல் டாக்டரான ஒரு பிள்ளைக்கு, விஷயம் சொல்ல ஆளில்லை. சீனியர் அண்ணன், அக்கா யாரும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பொதுப் பட்டியல் ஓரளவு வெளிச்சம்தான். பட்டியலே இல்லாவிட்டால் ஆள் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உள் விவரம் கிடைக்கும். அதுவும் நியாயம் இல்லை.

சிஎம்சியின் மூன்றாம் இடத்தை வெறும் பெயர் என்று தள்ளிவிடவும் முடியாது. நோயாளிகள் வடகிழக்கில் இருந்தும் வங்கத்தில் இருந்தும் ரயில் ஏறி வேலூர் வருவது ரேங்க் பார்த்து இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் நூறு வருஷ உழைப்பு இருக்கிறது.

ஐடாவின் வாழ்க்கை காட்டுவது தரத்துக்கும் தரவரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை. தரம் என்பது ஒரு கோடு. இத்தனை ஆசிரியர், இத்தனை படுக்கை, இத்தனை ஆபரேஷன் என்று வெளிப்படையாகப் போட்டால் நெல்லையும் தாண்டலாம், வேலூரும் தாண்டலாம். நூறு கல்லூரிகள் தாண்டினால் நூறு ஊர்களுக்கும் நல்லது. தரவரிசை ஒரு ஏணி. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியே ஆக வேண்டும். அந்த ஏணியில் பெயருக்கும் மார்க் என்றால், ஏற்கெனவே மேலே இருப்பவருக்குத்தான் வசதி. 1918ல் பெயரே இல்லாமல் நின்ற ஐடாவின் பள்ளி, இன்றைய முறையில் அந்தப் பெயர் மார்க்கில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வாங்கியிருக்கும்.

சாய்ஸ் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பிஜி சீட் தேர்வு செய்யும் டாக்டர்கள் ரேங்கோடு சேர்த்து இவற்றையும் விசாரிக்கலாம்:

* நான் சேரும் துறையில், முதல் வருஷத்தில் இருந்தே கையால் செய்யும் வேலை கிடைக்குமா, வேடிக்கை பார்ப்பதுதானா?
* ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை வகை நோய்கள் வருகின்றன?
* பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் சீனியர்கள் இருக்கிறார்களா?
* டூட்டி நேரம் எப்படி, ஸ்டைபண்ட் ஒழுங்காக வருகிறதா?
* பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள்?
* மாவட்ட மருத்துவமனையில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய 3 மாதப் பயிற்சியை எப்படி நடத்துகிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில், இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிஜி டாக்டர்களிடம்தான் இருக்கிறது. துறை வாரியாக இந்த விவரங்களை ஒவ்வொரு கல்லூரியும் பொதுவெளியில் போட வேண்டும் என்று கட்டாயமாக்கினால், சீனியரைத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒரே தகவல் கிடைக்கும். வேலூரின் 14 மாணவிகளுக்குக் கிடைத்த ஒரே கேள்வித்தாள் மாதிரி.

கொடைக்கானலில் கடைசி நாட்கள்

1946ல் ஓய்வு பெற்ற ஐடா, கொடைக்கானலில் தன் வீட்டுக்குப் போனார். அவ்வப்போது வேலூர் வந்து மாணவர்களைப் பார்ப்பார். வெறும் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம்கூட அவருக்குச் சரியாக வந்து சேர்ந்ததாக ஒரு கதை உண்டு. 1960 மே மாதம், 89வது வயதில் கொடைக்கானலில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2000ம் ஆண்டில் வேலூர் மருத்துவமனையின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது.

ஐடா டாக்டர் ஆகக் காரணம் திண்டிவனத்தில் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் இல்லாமல் போன மூன்று உயிர்கள். தென்காசி, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பெரம்பலூர், மயிலாடுதுறை ஆகிய ஆறு மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நெடுநாள் கோரிக்கை. இதில் ஐடா பிறந்த ராணிப்பேட்டையும் இருக்கிறது. நாளை அங்கே ஒரு கல்லூரி வந்தால், முதல் வருஷம் எந்த ரேங்க் பட்டியலிலும் அதற்கு இடம் இருக்காது. அன்றைக்கும் அங்கே சேர ஒரு முதல் அணி மாணவர்கள் வேண்டும்.